சேகரிப்பாளர் சங்கத்துக்கு இட வாடகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் மாதம் ஒரு ஞாயிறு கூடும் எங்கள் நாணய, அஞ்சல்தலைச் சேகரிப்பாளர் சங்கத்தில் ஆள் கூடக்கூட, வாடகை பற்றிய கேள்வியும் கூடிவிட்டது. டீ நேரத்தில் ஒரே கேள்விக்கு நாலு பேர் நாலு பதில் சொல்கிறார்கள். அதனால் பொருளாளர் என்ற முறையில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். செங்கோட்டை, பாலக்காடு, சித்தூர் பக்கம் இதுபோல் சங்கம் நடத்துகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

இத்தனை நாள் காசு கொடுக்காமல்தானே கூடினோம். இப்போது எதற்கு வாடகை?

ஆள் பெருகிவிட்டது, அதுதான் காரணம். ஒரு கைக்குள் எண்ணிவிடும் அளவுக்கு இருந்தபோது உறுப்பினர் ஒருவருடைய கடை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். இப்போது நாகர்கோவில், தக்கலையிலிருந்து வருகிறார்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோரும் வருகிறார்கள். மாடிப்படியில் நின்றுகொண்டு ஆல்பம் புரட்டும் நிலை வந்த பிறகுதான் கூடம் தேடத் தொடங்கினோம்.

நம் பக்கம் இது இன்னும் பெருகும் என்றுதான் நினைக்கிறேன். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாவும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தவை. பழைய வீட்டுப் பெட்டியைத் திறந்தால் திருவிதாங்கூர் நாணயங்களான சக்கரமும் காசும், அந்த அரசின் சொந்தத் தபால் சேவையான ‘அஞ்சலின்’ உறையும் இன்றைக்கும் கிடைக்கின்றன. பாட்டி வைத்துவிட்டுப் போனது என்னவென்று கேட்டுக்கொண்டு ஒவ்வொரு மாதமும் யாராவது புதிதாக வருகிறார்கள்.

யாராவது ஒருவர் வீட்டில் மாறி மாறிக் கூடினால் என்ன?

பத்துப் பேர் வரை சரி. அதற்கு மேல் போனால் வீட்டுப் பெண்களுக்குத்தான் வேலை கூடுகிறது. யார் வீட்டில் என்ன சேகரிப்பு இருக்கிறது என்று ஊருக்குத் தெரிவதும் நல்லதல்ல.

நமக்கு எந்த மாதிரி இடம் வேண்டும்?

பெரிய இடம் வேண்டாம், வெளிச்சமான இடம் வேண்டும். திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரம் அரை கிராம்கூட எடை இராது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அந்தக் காலத்தில் அதைக் கையால் எண்ண முடியாமல்தான் பணப்பலகை என்று குழி போட்ட மரப்பலகை வைத்திருந்தார்கள். பலகை மேல் சக்கரத்தைக் கொட்டி ஒரு ஆட்டு ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட நாணயத்தை மங்கலான கூடத்தில், கார்ப்பெட் விரித்த தரையில் தவறவிட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். டைல்ஸ் அல்லது சிமெண்டுத் தரை, மேசைக்கு மேலே ட்யூப்லைட், மின்விசிறியை மேசைவாரியாக நிறுத்தும் வசதி ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அஞ்சல்தலை வைத்திருப்பவர்கள் மின்விசிறி விஷயத்தில் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே வர, வெளியே போக ஒரே வாசல் இருந்தால் நல்லது. பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் பலர் பஸ்ஸையும் ரயிலையும் நம்பித்தான் வருகிறார்கள். குழித்துறை, பாறசாலை நிலையங்களிலிருந்து ஆட்டோவுக்கு எவ்வளவு ஆகும் என்பதையும் வாடகையின் ஒரு பகுதியாகவே எண்ணுங்கள். கூடம் 500 ரூபாய் மலிவு, ஆனால் இருபது பேருக்கு ஆட்டோச் செலவு என்றால் அது மலிவான கூடம் இல்லை.

மலிவாக எங்கே கிடைக்கும்?

முதலில் நூலகத்தில் கேளுங்கள். தமிழகப் பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒரு அமைப்பு உண்டு. அதன் நிகழ்ச்சியாக நாணயவியல் பேச்சோ சின்ன கண்காட்சியோ நடத்த முன்வந்தால் கூடம் கிடைக்க வழி இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் இது இன்னும் எளிது. 1945-இல் பி.என். பணிக்கர் முன்னின்று தொடங்கிய திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தின் வழியில் வளர்ந்த ஊர் நூலகங்கள் அங்கே மூலைக்கு மூலை உண்டு. பல நூலகங்களில் மாடியில் ஒரு சின்னக் கூடம் இருக்கும். வருடத்தில் ஒன்றிரண்டு கூட்டத்தைப் பாறசாலைப் பக்கம் வைத்தால் அந்தப் பக்க உறுப்பினர்களுக்கும் ஒரு முறை பஸ் காசு மிச்சம்.

அடுத்து ஊர்வகைச் சமுதாயக் கூடம், ஆலயத்தைச் சேர்ந்த பாரிஷ் ஹால், சமுதாயச் சங்கங்களின் கூடம். இங்கெல்லாம் வாடகை பேசித் தீர்ப்பதுதான், எழுதி ஒட்டிய விலை கிடையாது. பாரிஷ் ஹாலில் ஞாயிறு காலை ஆராதனை, மறைக்கல்வி எல்லாம் முடிந்த பிறகுதான் கிடைக்கும். நம் கூட்டமும் மதியம் இரண்டு மணிக்குத்தான் என்பதால் அது பொருந்திப் போகிறது.

கல்யாண மண்டபத்தில் முழு மண்டபத்தை எடுக்கத் தேவையில்லை. சாப்பாட்டுக் கூடத்தை மட்டும் கேளுங்கள். நீள மேசையும் நாற்காலியும் அங்கே போட்டபடியே இருக்கும், கை கழுவும் இடமும் பக்கத்தில். நாணயத்தைத் தொட்டுப் பார்க்கும் முன் கை கழுவச் சொல்வதற்கு இதைவிட வசதி வேறெங்கும் இல்லை.

மண்டபக்காரரிடம் வாடகையைக் குறைத்துப் பேச முடியுமா?

முடியும், மாதம் பார்த்துப் போனால். ஆவணியிலும் தையிலும் முகூர்த்த நாள் நெருக்கும்போது போய் நின்றால் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஆடி, மார்கழியில் மண்டபம் பூட்டிக் கிடக்கும். கிறிஸ்தவக் கல்யாணம் அதிகம் நடக்கும் கூடங்கள் லெந்து (தவக்கால) நாட்களில் காலியாக இருக்கும். அந்த நேரத்தில் போய், “வருடம் முழுக்க மாதம் ஒரு ஞாயிறு எங்களுக்கு வேண்டும். முகூர்த்த நாள் வந்தால் நாங்கள் அடுத்த வாரத்துக்கு மாறிக்கொள்கிறோம்” என்று சொல்லிப் பாருங்கள். கல்யாணத்துக்கு இடம் விட்டுக் கொடுக்கிறோம் என்ற ஒரு வார்த்தைக்காகவே நல்ல குறைப்பு கிடைக்கும். அவருடைய கவலை முழுவதும் கல்யாண புக்கிங் கைவிட்டுப் போய்விடுமோ என்பதுதான்.

வாடகை என்று அவர் சொல்லும் தொகையோடு செலவு முடிவதில்லை. கரண்டு காசு மீட்டர் பார்த்தா, மொத்தமாகவா? ஜெனரேட்டர் ஓடினால் டீசல் யார் செலவு? கூட்டிப் பெருக்க எவ்வளவு? வாட்ச்மேனுக்குத் தனியாகவா? மேசை, நாற்காலி வாடகையில் அடங்குமா, வெளியே வாடகைக் கடையிலிருந்து எடுக்க வேண்டுமா? அட்வான்ஸ் எப்போது திரும்பும்? இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி அவருடைய கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சோடு விட்டதில்தான் பல சங்கங்களில் மனக்கசப்பு வந்திருக்கிறது.

வாடகையோடு ஜிஎஸ்டி சேர்க்கிறார்களே, அது சரிதானா?

மண்டபக்காரர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால் 18 சதவீதம் சேரும். 5,000 ரூபாய் வாடகை 5,900 ஆகும். பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாமல் வரியை மட்டும் வாங்க முடியாது.

பலருக்குத் தெரியாத ஒரு விலக்கு உண்டு. பதிவு பெற்ற அறக்கட்டளைக்குச் சொந்தமான, பொதுமக்கள் வழிபடும் தலத்தின் வளாகத்தில் உள்ள கூடமாக இருந்து, ஒரு நாள் வாடகை 10,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் ஜிஎஸ்டி கிடையாது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான். சங்கத்துக்கு வரும் சந்தாவுக்கு வரி உண்டா என்றும் கேட்கிறார்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவுப் பேச்சே வரும். நாம் அந்தப் பக்கமே போகப் போவதில்லை.

ஆளுக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?

மூன்று வகைச் சந்தா வைத்திருக்கிறோம். பெயர்கள் நம் பழைய நாணயங்களின் பெயர்களே: காசு, சக்கரம், பணம். திருவிதாங்கூர்க் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். புதிதாகச் சேரும் பிள்ளைகள் சந்தாச் சீட்டைப் பார்த்தே இந்த வாய்பாட்டைப் படித்துவிடுகிறார்கள்.

காசு வகை மாணவர்களுக்கு. அவர்கள் எதுவும் கட்ட வேண்டாம், பெயர் பதிந்தால் போதும். சக்கரம் வகை சாதாரண உறுப்பினருக்கு, ஆண்டுக்கு 500 ரூபாய். பணம் வகை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கக்கூடியவர்களுக்கு, ஆண்டுக்கு 1,500 ரூபாய். எந்த வகையில் சேருவது என்பதை அவரவரே முடிவு செய்கிறார்கள். யார் எந்த வகை என்பது பொருளாளருக்கும் தணிக்கை பார்ப்பவருக்கும் மட்டும் தெரியும். பணம் வகையில் இருப்பவருக்கு முன்வரிசை நாற்காலியோ ஏலத்தில் முதல் உரிமையோ கிடையாது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கூடத்துக்கு 2,500, பெருக்க 300, கரண்டுக்கு 400 என்று வைத்தால் மாதம் 3,200. ஆண்டுக்கு 38,400 ரூபாய். சக்கரம் வகையில் 30 பேர் என்றால் 15,000. பணம் வகையில் 6 பேர் என்றால் 9,000. விற்பனை மேசை மாதம் 5, மேசைக்கு 200 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12,000. ஆக வரவு 36,000. ஆண்டுக்கு 2,400 ரூபாய் துண்டு விழுகிறது. அதை ஓர் ஏலத்தில் ஈடுகட்டிவிடலாம். உங்கள் ஊர் வாடகையை இதில் போட்டுப் பாருங்கள்.

டீச் செலவை இதில் கலக்காதீர்கள். டீ குடிப்பவர் டீக்குத் தனியாகக் கொடுக்கட்டும்.

இவ்வளவு சுற்றிவளைப்பு எதற்கு? வாசலில் ஆளுக்கு 30 ரூபாய் நுழைவுக் கட்டணம் வாங்கினால் வேலை முடிந்ததே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. கேட்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் நான் பொறுப்பில் இருக்கும்வரை வாசலில் காசு வாங்குவதற்குச் சம்மதிக்கமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

நம் கூட்டத்துக்கு முதல் தடவை வருகிறவர் பெரும்பாலும் யார்? கையில் ஒரு பவுடர் டப்பாவோடு வரும் எட்டாம் வகுப்புப் பையன். அதற்குள் சித்தப்பா கல்ஃபிலிருந்து லீவுக்கு வரும்போது கொண்டுவந்த சில்லறை இருக்கும். குவைத் ஃபில்ஸ், சவூதி ஹலாலா, காப்பிக் கூஜா போட்ட அமீரக திர்ஹாம். அதோடு கலந்து, அவனுக்கே என்னவென்று தெரியாத ஒரு சங்கு போட்ட சின்னச் செம்புக் காசு கிடக்கும். அவன் கையில் பஸ்ஸுக்கு மட்டும்தான் காசு இருக்கிறது. வாசலில் ஒரு மேசை போட்டு ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவான். அவன் போனது நமக்குத் தெரியவே தெரியாது. அந்தச் செம்புக் காசு பிறகு பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

கட்டணம் வேண்டியதுதான். அதைக் கூட்டத்தால் வருமானம் பார்க்கிறவரிடம் முதலில் கேட்போம். அடுத்து, வருடம் முழுக்கப் பலன் பெறும் உறுப்பினரிடம் கேட்போம். பார்க்க வந்தவரிடம் கேட்கவே வேண்டாம். விற்பனை மேசைக்காரருக்கும் வாசல் திறந்திருப்பதுதான் லாபம். கூட்டம் வந்தால்தானே வியாபாரம் நடக்கும்?

நான் வியாபாரி. எனக்கு மட்டும் மேசைக் கட்டணம் வைப்பது நியாயமா?

நியாயமான கேள்வி. பரிமாற்ற மேசைக்குக் கட்டணம் கிடையாது. உங்களிடம் இருக்கும் ஒன்றைக் கொடுத்து வேறொன்றை வாங்கினால் அது சேகரிப்பு. விலை எழுதி வைத்து விற்றால் அது விற்பனை, அதற்கு 200 ரூபாய். விற்றதில் சதவீதம் எதுவும் கேட்பதில்லை. எவ்வளவுக்கு விற்றீர்கள் என்று நாங்கள் கேட்கத் தொடங்கினால் பொய் சொல்லும்படி ஆகிவிடும். அதைவிட மொத்தத் தொகை எல்லோருக்கும் நிம்மதி.

சிலர் மேசை எடுக்காமல் கார் டிக்கியைத் திறந்துவைத்து மண்டப வாசலில் விற்கிறார்கள். கட்டணம் கொடுத்து உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இது அநியாயம். அவர்களிடம் போய்ச் சண்டை போடாமல், “அண்ணே, உள்ளே வாருங்கள், மேசையைப் பாதியாகப் பகிர்ந்து நூறு ரூபாய்க்குத் தருகிறோம்” என்று கூப்பிடுகிறோம். பெரும்பாலோர் வந்துவிடுகிறார்கள்.

விற்பனை மேசையில் எதையும் வைக்கலாமா?

கூடாது. மண்டபம் சங்கத்தின் பெயரில் எடுத்தது. அங்கே தவறு நடந்தால் சங்கமும் பதில் சொல்ல வேண்டும்.

நூறு ஆண்டும் அதற்கு மேலும் ஆன நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும், நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. ஆகவே பழைய ராசிப்பணம் (சின்னப் பொற்காசு), பழைய வெள்ளிச் சக்கரம் எல்லாம் பார்வைக்கு வரலாம், உரிமம் இல்லாதவர் மேசையில் விலைச் சீட்டோடு வரக் கூடாது என்பது எங்கள் விதி. திருவிதாங்கூரின் கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் தலை பொறித்த வெண்கலச் சக்கரம் இன்னும் நூறு ஆண்டு ஆகாதது, அது வரலாம். ஆங்கில ஆண்டு தெரியவில்லை என்றால் நாணயத்தில் இருக்கும் கொல்லம் ஆண்டோடு (மலையாள ஆண்டுக் கணக்கு) 825 கூட்டிப் பாருங்கள், ஓராண்டு முன்பின் இருக்கும்.

மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது என்று யாராவது கொண்டுவந்தால் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். பணமதிப்பு நீக்கம் செய்த பழைய 500, 1000 ரூபாய் நோட்டு பத்துக்கு மேல் ஒருவர் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கும் நாணயவியலுக்கும் 25 வரை 2017 சட்டம் அனுமதிக்கிறது. கன்னியாகுமரி, கொளச்சல் பக்கத்திலிருந்து சிப்பி, சங்கு கொண்டுவருபவர்கள் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கும் நாட்டிலஸ் போன்றவற்றை மேசைக்கே கொண்டுவராதீர்கள்.

பழைய நாணயத்தைப் பார்த்து மதிப்புச் சொல்ல வெளியாரிடம் கட்டணம் வாங்கினால் வாடகைக்கு உதவுமே?

உதவும்தான், ஆனால் வேண்டாம். டிராக்டர் போட்ட 5 ரூபாய் நோட்டு லட்சக்கணக்கில் போகும் என்று ஃபோனில் வரும் ஏமாற்றுக்காரர்கள் முதலில் கேட்பதே பதிவுக் கட்டணம், கமிஷன்தான். ரிசர்வ் வங்கியே 2021-இல் இதைப் பற்றி எச்சரித்தது. அப்படி ஏமாந்தவர் கடைசியில் நம்மிடம் வருகிறார். நாமும் கையை நீட்டினால் நமக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு இருப்பதாக அவருக்குத் தோன்றும்? மதிப்பு பார்க்கும் மேசை இலவசமாகவே இருக்கட்டும். பக்கத்தில் ஓர் உண்டியல் உண்டு, விருப்பமிருந்தால் போடட்டும்.

ஏலம் எப்படி நடத்துகிறீர்கள்?

நம் மாவட்டத்தில் ஏலம் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அறுப்பின் பண்டிகைக்கு ஆலய முற்றத்தில் வாழைத்தாரையும் சேவலையும் ஏலம் விட்டுப் பழகியவர்கள் நாம். காணிக்கையாக வந்த தேங்காயைச் சந்தை விலைக்கு மேல் கேட்டு எடுப்பவருக்குத் தேங்காய் குறியில்லை, கொடுப்பதுதான் குறி. சங்க ஏலமும் அதே மனதோடு நடக்கிறது.

உறுப்பினர்கள் தங்களிடம் இரட்டிப்பாக இருப்பதைத் தானமாகத் தருவார்கள்: நினைவு நாணயம், முதல் நாள் உறை, தீப்பெட்டி லேபிள் கட்டு, பழைய பஸ் டிக்கெட், 1951-இல் இந்தியத் தபால் துறையோடு சேரும் முன் நம் ஊர்களில் ஓடிய திருவிதாங்கூர் அஞ்சலின் உறைகள். அஞ்சல் உறை என்றால் கை தானாக உயரும். 1888-இல் வந்த, சங்கு படம் போட்ட முதல் அஞ்சல்தலையிலிருந்து திருவிதாங்கூர் அஞ்சலைத் தேடுகிறவர்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். பெட்டி பெட்டியாக வைக்காமல் இருபது உருப்படிக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசியில் அலுப்பு தட்டினால் விலை விழும். கடைசி மூன்று உருப்படி பிள்ளைகளுக்கு மட்டும், பத்து ரூபாயில் தொடங்கும். அதில் வாடகைக்கு ஒன்றும் தேறாது, தேறவும் வேண்டாம்.

ஏலத்தொகை அந்த இடத்திலேயே ரசீதோடு கணக்கில் ஏற வேண்டும். கடன் ஏலம் கிடையாது.

குலுக்கல் சீட்டு போடலாமா? கேரளத்தில் லாட்டரி உண்டே?

போடவே கூடாது. கேரளத்தில் 1967 முதல் லாட்டரி நடத்துவது அந்த மாநில அரசு. தனியாரோ சங்கமோ அங்கேயும் நடத்த முடியாது. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்கே தடை. பாறசாலையில் வாங்கிய கேரள லாட்டரிச் சீட்டைப் பரிசாக வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். அதை இந்தப் பக்கம் கொண்டுவந்து விற்றால் வழக்குதான்.

மாதச் சீட்டுப் பிடித்து அதன் கமிஷனில் வாடகை கட்டும் யோசனையும் வருகிறது. பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது 1982 சீட்டு நிதிச் சட்டப்படி குற்றம். ஒருவர் எடுத்துவிட்டுக் கட்டாமல் போனால் நாணயமும் போய் நட்பும் போய்விடும்.

பள்ளியில் இலவசமாக இடம் கிடைக்குமா?

கிடைக்கும், நாம் பதிலுக்கு ஏதாவது செய்ய முன்வந்தால். அஞ்சல் துறை 2017-இல் தொடங்கிய தீன் தயாள் ஸ்பார்ஷ் திட்டத்தைத் தலைமை ஆசிரியரிடம் எடுத்துச் சொல்லுங்கள். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அஞ்சல்தலை சேகரிப்புக்காக ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை. ஒவ்வோர் அஞ்சல் வட்டத்திலும் வகுப்புக்குப் பத்துப் பேர் வீதம் 40 பேர். களியக்காவிளைப் பிள்ளை தமிழ்நாடு வட்டத்திலும் பாறசாலைப் பிள்ளை கேரள வட்டத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளியில் அஞ்சல்தலை மன்றம் இருந்து அதில் பிள்ளை உறுப்பினராக இருக்க வேண்டும். மன்றம் இல்லை என்றால் பிள்ளையின் பெயரில் அஞ்சல்தலை வைப்புக் கணக்கு (புது அஞ்சல்தலை வாங்க அஞ்சல் துறையில் முன்பணம் போட்டு வைக்கும் கணக்கு) வேண்டும். 200 ரூபாயில் அது தொடங்கலாம்.

பள்ளிகளுக்கு மன்றம் தொடங்க ஆசை இருக்கிறது, நடத்த ஆள்தான் இல்லை. நம்மிடம் ஆள் இருக்கிறது, இடம் இல்லை. மாதம் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறோம், ஞாயிறு மதியம் இரண்டு வகுப்பறையைத் திறந்துவிடுங்கள் என்று கேளுங்கள். இதைச் செய்கிற சங்கத்துக்கு வாடகைப் பிரச்சினை பாதி தீர்ந்தது. பெஞ்சு டெஸ்க் உயரம் ஆல்பம் பார்க்க வசதியில்லை என்ற ஒரு குறை உண்டு, பொறுத்துக்கொள்ளலாம். தேர்வு மாதங்களுக்கு மட்டும் வேறு இடம் பார்த்து வையுங்கள்.

விளம்பரதாரர் யாராவது வாடகையை ஏற்றுக்கொண்டால்?

வாங்கலாம். புத்தகக் கடை, ஸ்டேஷனரிக் கடை, பேக்கரி என்றால் ஒரு பேனர் கட்ட எந்தத் தடையும் இல்லை. நகைக்கடை, அடகுக்கடை என்றால் ஒரு நிபந்தனை: “பழைய வெள்ளி எடுத்துக்கொள்ளப்படும்” என்ற பலகை நம் கூட்டத்தில் வேண்டாம். எத்தனையோ வெள்ளிச் சக்கரம் உருக்குச் சட்டியில் போயிருக்கிறது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் கூடுகிறோம். வருட வாடகை முழுவதையும் ஒருவரிடமே வாங்குவதும் வேண்டாம். அவர் நிறுத்தினால் கூட்டமும் நின்றுவிடும்.

பணம் யாரிடம் இருக்கிறது? ஜிபே எண் ஒருவர் பெயரில் இருக்கிறதே?

தொடக்கத்தில் எந்தச் சங்கத்திலும் அப்படித்தான் இருக்கும், நீடிக்கக் கூடாது. ஒருவர் கணக்கில் ஊர்ப்பணம் கிடந்தால் அவருக்கும் வருமான வரித் தலைவலி, மற்றவர்களுக்கும் சந்தேகம்.

வழி, சங்கத்தைப் பதிவு செய்வது. தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம். குறைந்தது ஏழு பேர் வேண்டும். விதிமுறை எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், ஆண்டுதோறும் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தர வேண்டும். தென்கேரளத்தில் என்றால் 1955-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம் பொருந்தும். வழக்கமாகக் கூடும் இடமும் அலுவலக முகவரியும் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பதியுங்கள். மறுபக்கத்தார் உறுப்பினராக இருக்கத் தடையில்லை. பதிவு ஆனதும் சங்கத்தின் பெயரில் பான் எண், வங்கிக் கணக்கு, அந்தக் கணக்கின் க்யூஆர். காசோலையில் இருவர் கையெழுத்து.

வரவு செலவை மாதா மாதம் ஒரே தாளில் எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டுகிறோம். வாடகை ரசீதின் நகலும் பக்கத்தில் இருக்கும். கேள்வி கேட்பவரைச் சந்தேகப்பேர்வழி என்று யாரும் முகம் சுளிக்கக் கூடாது. கேட்பது அவர் உரிமை.

இந்த வருடம் எனக்குக் கட்ட வசதியில்லை. வரலாமா?

தாராளமாக வாருங்கள். பொருளாளரிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் நிலுவை என்று வராது.

மழைக்காலத்தில் ஆள் குறைந்தால் வாடகை வீணாகிறதே?

நம் பக்கம் இரண்டு மழையும் பெய்யும். ஜூன், ஜூலையில் ஒரு முறை, ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை. அந்த மாதங்களில் விற்பனை மேசை இரண்டுக்கு மேல் வராது. ஆகவே ஒப்பந்தத்தை ஆண்டுக்குப் பன்னிரண்டு கூட்டம் என்று போடாமல் பத்து என்று போடுங்கள். மீதி இரண்டையும் நூலகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ சின்னதாக வைத்துக்கொள்ளலாம். மூன்று மாத வாடகை எப்போதும் கணக்கில் கையிருப்பாக இருக்க வேண்டும். அது சேரும்வரை ஏலப் பணத்தை வேறு எதற்கும் தொடுவதில்லை என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆள் இன்னும் பெருகினால் இன்னும் பெரிய மண்டபம் எடுக்க வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். பெரிய மண்டபத்துக்கு வாடகை கூடும், சந்தாவும் கூட்ட வேண்டிவரும். மாதக் கூட்டத்தை நாகர்கோவில் பக்கம் ஒன்று, களியக்காவிளை பக்கம் ஒன்று என இரண்டு சின்னக் கூட்டமாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் எல்லோரும் பெரிய மண்டபத்தில் கூடினால் செலவும் தாங்கும், வருகிறவருக்கும் அலைச்சல் குறையும். கணக்குப் புத்தகம் மட்டும் ஒன்றாகவே இருக்கட்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேச வைத்திருக்கிறோம். எந்தப் பக்கம் கூடினால் உங்களுக்கு வசதி என்பதை அதற்கு முன்பே எழுதித் தந்தால் மண்டபம் பேசப் போகிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.